ஒன்பதாம் பக்கத்து மைக்கறை

இது நடந்தது. நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப் போவதில்லை. நம்ப மனமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் போய்த் தூங்கலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நான் சட்டம் படித்தவள். சட்டம் சொல்லிக் கொடுப்பவள். பேயைப் பார்த்தேன் என்று யாராவது வந்தால், "ராத்திரி என்ன சாப்பிட்டே?" என்று கேட்டு அனுப்புகிற ரகம். தேதியும் நேரமும் சாட்சியும் இல்லாமல் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதனால் தேதியோடும் நேரத்தோடும் எழுதுகிறேன். சாட்சியும் ஒருத்தி இருக்கிறாள்.

அன்று ரமலான் பன்னிரண்டாம் நோன்பு. மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை. பட்டப்பகல். பேய்க்கு இருட்டும் சுடுகாடும் வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இதில் ஏமாற்றம்தான். வெளியே வெயில் அடித்தது. என் வீட்டு அடுப்பில் மாலை நோன்பு திறக்க ஹரீரா சூப் மெதுவாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

என் பெயர் நெஸ்ஹா. மெக்னெஸ் நகரத்தில் ஒரு சட்டக் கல்லூரியில் ஆறு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு ரமலானிலும் எங்கள் முதல்வருக்கு ஒரு ஞானம் பிறக்கும். நோன்போடு யாரும் வகுப்புக்கு வரமாட்டார்கள், ஆகவே இணையத்தில் சிறப்புரை நடத்து என்பார். சுற்றுச்சூழல் சட்ட மாணவர்களுக்கு வாரம் ஒரு பெரிய மனிதர். அவர் தன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து ஸ்லைடைப் படிப்பார். மாணவர்கள் உள்ளே நுழைந்து, கேமராவை அணைத்து, மைக்கை அணைத்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். கடைசியில் "கலந்துரையாடல்" என்று பத்து நிமிடம் ஒதுக்குவோம். இரண்டு பேர் கேள்வி கேட்பார்கள், அதையும் நான்தான் முந்தின நாளே எழுதிக் கொடுத்திருப்பேன். பிறகு திரையைப் படம் பிடித்துக் கல்லூரிப் பக்கத்தில் போட்டு, அறிவு பரவிவிட்டது என்று எல்லோரும் கைதட்டிக்கொள்வோம்.

இந்தக் கூத்துக்கெல்லாம் மேய்ப்பவள் நான். ஆட்களை உள்ளே விடுவது, வாயை அடைப்பது, பேச்சாளரைப் புகழ்வது மூன்றும் என் வேலை.

அன்று வந்த பெரிய மனிதர் டாக்டர் நௌஃபல் தாஹிரி. ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை எழுதித் தருகிறவர். நூற்று நாற்பது அறிக்கை எழுதியிருக்கிறார். ஒன்றில்கூட "இந்த ஆலை வேண்டாம்" என்று எழுதியதில்லை. அந்த மனிதர் அன்று பேச எடுத்த தலைப்பு: மக்களின் குரல். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். காரணம் இருந்தது.

கல்லூரியில் ஒரே ஒரு நிரந்தர இடம் காலியாகியிருந்தது. தேர்வுக்குழு இரண்டு வாரத்தில் கூடும். குழுவில் தாஹிரியும் ஒருவர். எனக்கு முப்பத்தொரு வயது. அந்த இடம் எனக்கு வேண்டும். அதற்காக அவர் பேச்சைக் கேட்டுக் கண்ணீர் விடச் சொன்னாலும் விட்டிருப்பேன்.

இரண்டு நாள் முன்பு ஸ்லைடுகளை அனுப்பியிருந்தார். பதினேழாவது ஸ்லைடில் என் விரல் நின்றது. அயின் தம்தா ஊராட்சியின் ஆட்சேபப் பதிவேடு. பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து போட்டிருந்தார்.

அந்தப் பதிவேட்டுக்கு முன்னால் இருபது நாள் உட்கார்ந்திருந்தவள் நான்.

விஷயம் இதுதான். ஓர் ஆலையை விரிவாக்க வேண்டும் என்றால் அறிக்கையை ஊராட்சி அலுவலகத்தில் இருபது நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பதிவேடு. ஆட்சேபம் உள்ளவர்கள் அதில் எழுதலாம். ஒரு நாளுக்கு ஒரு பக்கம், எண் போட்டு, முத்திரை குத்தி. எவரும் எழுதாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று பொருள். அயின் தம்தாவில் ஆலிவ் எண்ணெய் ஆலை. ஆலிவைப் பிழிந்தால் எண்ணெய் கொஞ்சம்தான் வரும், கறுப்புத் தண்ணீர் நிறைய வரும். மண்ணில் விட்டால் மண் செத்துப்போகும். அதனால் குட்டை வெட்டித் தேக்குவார்கள். பழைய குட்டை போதாமல் நாலு மடங்கு பெரிதாகப் புதுக்குட்டை வெட்டத்தான் அனுமதி கேட்டிருந்தார்கள்.

ஏழு வருடம் முன்பு, ஜூலை மாதம். நான் அப்போதுதான் பட்டம் வாங்கியிருந்தேன். பதிவேட்டோடு உட்கார தாஹிரியின் அலுவலகம் என்னை அனுப்பியது. அறிவிப்பை அலுவலகக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்கள். கதவு எப்போதும் திறந்தே கிடக்கும், அறிவிப்பு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த சாமர்த்தியத்தை மெச்சினேன். யாரும் வரவில்லை.

ஒருவரைத் தவிர.

முதல் நாளே வந்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து. காக்கைகூட வெளியே வராத வெயிலில், கனத்த கம்பளி ஜெல்லாபா அங்கியில் ஒரு கிழவர். அங்கியின் ஓரம் நனைந்து தரையில் சொட்டியது. வாய்க்கால் வழியாக வந்திருப்பார் என்று நினைத்தேன். வலது கட்டைவிரல் அடி வரை கறுப்பு. ஆலிவ் பறிக்கிற கை, கழுவக்கூடத் தெரியாத ஜனங்கள் என்று நினைத்தேன். நாற்றம் வேறு. அந்தக் கறுப்புத் தண்ணீரின் புளித்த நாற்றம்.

"குட்டைக்கு வேலி வேணும்னு எழுது மகளே."

"நீங்கதான் எழுதணும்."

"எனக்கு எழுத வராதே."

"உங்க கையாலதான் எழுதணும். சட்டம்."

அப்படி ஒரு சட்டம் இல்லை. எழுதத் தெரியாதவர் சொல்வதைப் பதிவேட்டுக்காரர் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதுதான் முறை. அது எனக்குத் தெரியாது. தெரியாததை எல்லாம் சட்டம் என்று சொல்லிவிடும் வயது. உண்மையைச் சொன்னால், தெரிந்திருந்தாலும் எழுதியிருக்கமாட்டேன். அவர் சீக்கிரம் போனால் போதும் என்றிருந்தது.

மறுநாளும் மூன்று பத்து. அதே வார்த்தை. அதற்கு மறுநாளும். ஒன்பதாம் நாள் அவர் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து, அந்தக் கறுத்த கட்டைவிரலைப் பக்கத்தின் நடுவில் அழுத்தினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். போய்விட்டார், அப்புறம் வரவில்லை. எண் போட்ட பக்கம், கிழிக்கவும் முடியாது. நான் கத்திவிட்டேன். பிறகு பேனாவை எடுத்து ஓரத்தில் "மைக்கறை" என்று எழுதி, என் சுருக்கொப்பத்தைப் போட்டேன். இருபதாம் நாள் மாலை பதிவேட்டை மூடினேன். ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்று சான்று எழுதி, அதிலும் கையெழுத்துப் போட்டேன்.

அவ்வளவுதான். ஏழு வருடம் அதை நினைத்ததுகூட இல்லை. ஸ்லைடில் பார்த்தபோதும், தூங்குகிற மாணவர்களில் எவன் கவனிக்கப் போகிறான் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2:30. ஒவ்வொருவராக உள்ளே விட்டேன். அறுபத்தொரு மாணவர்கள். எல்லார் மைக்கும் அணைத்தாயிற்று. தாஹிரி திரையில் தோன்றினார். பின்னால் புத்தக அலமாரி. ஒரு புத்தகம்கூட நகர்ந்த அடையாளம் இல்லை. எங்கள் பக்கம் ஆசிரியரை உஸ்தாத் என்பார்கள், ஆசிரியை என்றால் உஸ்தாதா.

"என்ன உஸ்தாதா, பசங்க இருக்காங்களா, இல்ல குறட்டைதானா?"

"எல்லாரும் ஆவலா காத்திருக்காங்க, டாக்டர்."

"காத்திருப்பாங்க. சாயங்கால சூப்புக்கு!"

சிரித்தார். நானும் சிரித்தேன். என்ன செய்வது.

2:41. என்னையும் டாக்டரையும் கழித்து எண்ணிக்கையைப் பார்த்தேன். அறுபத்திரண்டு. நான் உள்ளே விட்டது அறுபத்தொன்று. பட்டியலைக் கீழே இழுத்தேன். கடைசியில் பெயரே இல்லாமல் ஒன்று இருந்தது. பெயர் எழுதும் இடம் வெறுமை. பெயரைக்கூட அடிக்கச் சோம்பல் பட்டால் இதுகள் நாளைக்கு வழக்காடி என்ன கிழிக்கப் போகின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

2:52. சமையலறையிலிருந்து ஏதோ வாடை. சூப் தீய்கிறதோ என்று ஓடினேன். சூப் நன்றாகத்தான் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். வாடை போகவில்லை. மேசைப் பக்கம் வந்ததும் கூடியது... புளிப்பு வாடை.

2:58. சாட் பெட்டியில் ஒரு செய்தி. பெயரில்லாதவர் அனுப்பியது. திறந்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வெறும் செய்தி. அடுத்த நிமிடம் இன்னொன்று. அதுவும் வெறுமை. அதற்கடுத்த நிமிடம் இன்னொன்று.

எவனோ விளையாடுகிறான். அவனைக் கூட்டத்திலிருந்து நீக்கும் பொத்தானை அழுத்தினேன். அந்த வெற்று வரி மறைந்தது. எண்ணிக்கையைப் பார்த்தேன்.

அறுபத்திரண்டு.

3:05. அவன் கட்டத்தை உற்றுப் பார்த்தேன். கேமரா அணைந்தவர்களின் கட்டங்களும் கறுப்புதான். ஆனால் அவை சும்மா கிடந்தன. இது மெதுவாக அசைந்தது. கறுப்புக்குள் ஏதோ வட்டமாக விரிந்து... அடங்கி... மறுபடி விரிந்தது.

போனை மேசையில் கவிழ்த்துப் போட்டிருப்பான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

3:10. பட்டியலில் ஒரு கை உயர்ந்தது. பெயரில்லாத கை.

நான் அதைக் கீழே இறக்கினேன். உயர்ந்தது. இறக்கினேன். உயர்ந்தது.

பிறகுதான் மணியைப் பார்த்தேன். மூன்று பத்து. சீச்சீ, தற்செயல் என்று உதறினேன். நோன்பு வயிறு என்னவெல்லாமோ சொல்லும்.

3:14. தாஹிரி பதினேழாவது ஸ்லைடுக்கு வந்தார். "இப்ப பாருங்க. மக்களின் குரல், மக்களின் குரல்னு கத்துறாங்களே, அந்தக் குரல் எப்படி இருக்குன்னு காட்டுறேன். இருபது நாள். இருபது பக்கம். ஒரு எழுத்து இருக்கா?" முதல் பக்கம். வெள்ளை. இரண்டாம் பக்கம். வெள்ளை. "வாய்ப்பு குடுத்தோம். ஆள் இல்ல. இவங்களுக்கு அழத் தெரியும், எழுதத் தெரியாது." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

ஒன்பதாம் பக்கம். கறை.

அவர் தாண்டிப் போயிருப்பார். அதற்குள் ஒரு மைக் திறந்தது. இத்தோ என்ற மாணவி. மலைப்பக்கத்துப் பெண். மூன்றாம் ஆண்டு. நான் எழுதிக் கொடுக்காத கேள்விகளைக் கேட்கிற ஒரே ஜந்து.

"உஸ்தாத், மன்னிக்கணும். ஒன்பதாம் பக்கத்துல என்னமோ இருக்கு."

"மைக்கறைம்மா. ஓரத்துல எழுதியிருக்கு பாரு. படிக்கத் தெரியும்ல?"

"தெரியும் உஸ்தாத். பெருசாக்கிப் பாத்தேன். ரேகை தெரியுது. அது கட்டைவிரல்."

"உங்க ஊர்ல நோட்டைக் கண்டா விரலை வச்சுடுவீங்களோ?"

சாட் பெட்டியில் சிரிப்புப் படங்கள் கொட்டின. தூங்குகிறவர்கள் சிரிப்பதற்கு மட்டும் எழுந்துவிடுவார்கள். இத்தோ அசையவில்லை.

"படிக்காதவங்க விரல் வச்சா அது கையெழுத்துதானே உஸ்தாத்? அப்ப அது ஆட்சேபம். இருபது பக்கமும் காலின்னு எப்படிச் சொல்றீங்க?"

தாஹிரியின் முகம் இறுகியது. ஓரத்திலிருந்த சுருக்கொப்பத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அட. உஸ்தாதா நெஸ்ஹா! இது நீங்க போட்டதுல்ல? நீங்களே சொல்லிடுங்க. இது என்ன?"

3:19.

எல்லோரும் காத்திருந்தார்கள். இரண்டு வாரத்தில் தேர்வுக்குழு. ஆறு வருடத் தற்காலிகம். ஒரே ஒரு இடம்.

கீழே அந்தக் கை உயர்ந்தபடி இருந்தது.

"மைக்கறைதான், டாக்டர்," என்றேன்.

"அவ்வளவுதான்! முடிஞ்சுது!" என்றார் தாஹிரி.

அப்போது பக்கம் தானாகப் புரண்டது.

பத்தாம் பக்கம். அதிலும் கறை. அதே இடம்.

பதினொன்று. கறை.

"என்ன இது... நான் எதையும் அமுக்கலையே?"

பன்னிரண்டு. பதிமூன்று. ஒவ்வொன்றிலும் கறை. கொஞ்சம் பெரிது. இன்னும் கொஞ்சம் பெரிது. ஓரம் ஈரமாக, வழிவதுபோல...

என் திரையில்தான் அழுக்கு என்று நினைத்து வலது கட்டைவிரலால் தேய்த்தேன். சின்ன வயதில் கத்தி பட்டுக் குறுக்கே தழும்பு விழுந்த விரல் அது. அதில் சூடு குளிர் அவ்வளவாக உறைக்காது.

அன்று உறைத்தது. சில்லென்று.

3:22. சொட்... சொட்...

தண்ணீர் சொட்டும் ஓசை. சமையலறையில் இல்லை. என் ஒலிபெருக்கியிலிருந்து.

யார் பேசினாலும் அவர் கட்டத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு ஒளிரும். முதல் கட்டத்தில் ஒளிர்ந்தது. மைக் அணைந்த கட்டம். பிறகு அடுத்ததில். பிறகு அதற்கடுத்ததில்...

அறுபத்தொரு கட்டம். எல்லாவற்றிலும் மைக் அணைந்திருந்தது. எல்லாவற்றைச் சுற்றியும் பச்சைக் கோடு.

ஒரே குரல்.

"எழுது மகளே."

ஒலியைக் குறைத்தேன்.

"எழுது மகளே."

பெயரில்லாத கட்டம் பெரிதானது. திரை முழுக்கக் கறுப்புத் தண்ணீர். அசைந்தது.

உள்ளேயிருந்து ஏதோ மேலே வந்தது...

ஒரு விரல்.

கண்ணாடியின் மறுபக்கத்தில் அழுந்தியது.

மடிக்கணினியை அறைந்து மூடினேன்.

3:31.

வாடை போய்விட்டது. சொட்டும் நின்றுவிட்டது. தெருவில் எவனோ வண்டியை முறுக்கிக்கொண்டு போனான்.

3:40க்குத் தாஹிரி போன் செய்தார். பக்கம் புரண்டதைத் தவிர அவர் எதையும் பார்க்கவில்லை. "உங்க நெட் சரியில்ல உஸ்தாதா, எல்லாம் மாறி மாறி ஓடுச்சு. ஆனா அந்தப் பொண்ண நல்லா சமாளிச்சீங்க. ஞாபகம் வச்சுக்கறேன்," என்றார். இத்தோவைத் தவிர மற்ற அறுபது பேரும் அதையேதான் சொன்னார்கள். நெட் சரியில்லை. எதைக் கண்டாலும் நெட் சரியில்லை என்று சொல்கிற தலைமுறை.

4:05க்கு இத்தோ அழைத்தாள்.

"உஸ்தாதா, அந்த விரல் யாரோடது?"

பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "யாரோ ஒரு கிழவன். ஆலிவ் பறிச்ச கையோட வந்து நோட்டை நாறடிச்சுட்டான். போதுமா?"

"பக்கத்துல தேதி இருக்கு உஸ்தாதா. ஜூலை. ஜூலையில ஏது ஆலிவ்?"

எங்கள் நாட்டில் ஆலிவ் பறிப்பது நவம்பரில் என்று பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும். சட்டம் படித்த எனக்கு ஏழு வருடமாகத் தோன்றவில்லை.

"கம்பளி ஜெல்லாபாவா?" என்றாள்.

"ஆமா."

"ஓரம் நனைஞ்சிருந்துச்சா?"

"...ஆமா."



"அது ஹம்மூ தாத்தா. அயின் தம்தாவுல எங்க பக்கத்து வீடு. பழைய குட்டையில ஆடு விழுந்துச்சுன்னு தூக்கப் போனவர். வேலி கிடையாது. எங்கப்பாதான் கயிறு கட்டி மேல இழுத்தார். நான் பாத்தேன் உஸ்தாதா. எனக்கு அப்ப பதினாலு வயசு."

"எப்ப?"

"பிப்ரவரியில."

"எந்த வருஷ பிப்ரவரி?"

"அதே வருஷம். நீங்க பதிவேடு திறந்தப்ப அவர் செத்து அஞ்சு மாசம்."

நான் வைத்துவிடப் போனேன். அவள் சொன்னாள்: "புதுக்குட்டைக்கும் வேலி போடல. அதுல என் தம்பி போயிட்டான். அதனாலதான் இந்தப் படிப்புக்கு வந்தேன். ஆட்சேபமே வரலன்னு நீங்க போட்ட சான்று எங்க வீட்ல ஒரு நகல் இருக்கு."

அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

தேர்வுக்குழு கூடியது. இடம் எனக்குத்தான் கிடைத்தது. நியமன ஆணையைக் கையில் வாங்கிய அன்றும் வலது கட்டைவிரல் சில்லென்றே இருந்தது. வெந்நீரில் வைத்தேன். எண்ணெய் தேய்த்தேன். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்.

பெருநாள் கழிந்து ஐந்தாம் நாள் அயின் தம்தாவுக்குப் போனேன். அந்தப் பெண் சொன்னதை நம்பிப் போகவில்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று நிரூபிக்கப் போனேன்.

ஊராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடும் அதே அறையில்தான். குமாஸ்தாவுக்கு என் வயது இருக்கும். போனில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் இரண்டு முறை செருமிய பிறகு தலையைத் தூக்கினான். இறப்புப் பதிவேட்டை மேசையில் போட்டான். தேடினேன். பிப்ரவரி பதினொன்று. ஹம்மூ. வயது எழுபத்தாறு. குட்டையில் மூழ்கி.

பிப்ரவரி பதினொன்று.

"ஆட்சேபப் பதிவேடும் வேணும்," என்றேன்.

"அது எதுக்கும்மா? அதுல ஒரு மண்ணும் இல்ல."

எடுத்துப் போட்டான். நான் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தேன்.

வெள்ளை.

கறை இல்லை. விரல் இல்லை. ஓரத்தில் "மைக்கறை" என்று என் எழுத்து மட்டும் இருந்தது. கீழே என் சுருக்கொப்பம்.

குமாஸ்தா எட்டிப் பார்த்துச் சிரித்தான். "எந்தக் கழுதை எழுதினது இது? கறையே இல்லாத இடத்துல மைக்கறைன்னு! சம்பளமும் குடுத்திருப்பானுங்க!"

"பேனா குடுங்க," என்றேன். "நான் ஒண்ணு எழுதணும். குட்டைக்கு வேலி வேணும்னு எழுதணும்."

"உங்களுக்கு என்ன ஆச்சு? இருபது நாள்தான் காலம். முடிஞ்சு ஏழு வருஷம். இனிமே அதுல யாரும் எழுதக் கூடாது."

"நான்தான் இந்தப் பதிவேட்டை..."

"யாரா இருந்தா என்ன? சட்டம்."

இழுத்துக்கொள்ளப் பார்த்தான். நான் விடாமல் பக்கத்தின் மேல் கையை ஊன்றினேன். கட்டைவிரல் நடுவில் அழுந்தியது. அது சுத்தமான விரல். மையில்லை, அழுக்கில்லை. அன்று காலைகூட சோப்புப் போட்டுக் கழுவியது.

கையை எடுத்தேன்.

கறுப்பாக, ஈரமாக, ஒரு விரல் ரேகை.

குனிந்து பார்த்தேன். என் விரலில் குறுக்கே தழும்பு இருக்கிறது. அந்த ரேகையில் தழும்பு இல்லை.

"அய்யய்ய! நோட்டை நாறடிச்சீங்களே! கை கழுவக்கூடத் தெரியாதா உங்களுக்கு?"

அவன் பதிவேட்டைப் பிடுங்கினான். என்னை மேலும் கீழும் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒன்பது நாள் அந்தக் கிழவரை நான் பார்த்த பார்வை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். ஓரத்தில், என் எழுத்துக்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை எழுதி, சுருக்கொப்பம் போட்டு, பதிவேட்டை மூடினான்.

என்ன எழுதினான் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். மணி மூன்று பத்து.